உடம்பு சரியில்லாத மணிபிளான்ட்

என் அறைத்தோழி கல்யாணமாகிப் போனபோது மூன்று செடிகளை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். புகுந்த வீடு அம்பத்தூரில், மூன்றாவது மாடி. பீரோவை எந்தச் சுவரோரம் போடுவது என்பதே அங்கே இன்னும் முடிவாகவில்லை என்றாள்.

"வூடு செட்டில் ஆவட்டும்டி, வந்து எட்த்துக்கினு போறேன். அதுவரைக்கும் சாவடிக்காம வெச்சிக்கினு இரு, போதும்."

"சாவடிக்காம வெக்கறதுக்கு இன்னா இன்னா செய்யணும், எழுதிக் குடு."

"எழுதினாத்தான் உனுக்கு மண்டையில ஏறும்" என்று சொல்லிக்கொண்டே தினக்காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஆறு வரிகள். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றே: தினமும் ஊத்தாதே. அந்தத் தாளைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டினேன்.

நாங்கள் இருவரும் ரேணிகுண்டாவில் மின்னணுப் பலகைகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் தரப்பரிசோதனைப் பிரிவு, அவள் ஸ்டோர்ஸ். அவளுக்கு ஊர் நகரி. வீட்டிலேயே இரண்டு விசைத்தறிகள் ஓடும் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. எனக்குச் சித்தூர். நான் பேசுவதே குறைவு. திருச்சானூர் போகும் சாலையில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்து இரண்டு வருடம் ஒன்றாக இருந்தோம். அந்த இரண்டு வருடமும் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

செடிகளையும் சேர்ந்தேதான் தேர்ந்தெடுத்தோம். அதற்கு முன் நான் தனியாக வாங்கிய ஒரு ரோஜாவும் ஒரு பெரணிச் செடியும் ஆளுக்கு ஒரு மாதம் கூட இருக்கவில்லை. அதனால் இந்தமுறை முன்கூட்டியே தேவைகளை எழுதி வைத்தேன். நேர் வெயில் கிழக்கு ஜன்னலில் மட்டும், அதுவும் காலை ஒன்பதரை வரைக்கும்தான். பண்டிகைக்கு இருவரும் ஊருக்குப் போனால் நாலைந்து நாள் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. போர்த் தண்ணீர், உப்பு அதிகம். பூக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்ததும் ரேணிகுண்டா சாலையில் இருக்கும் நர்சரிக்குப் போனோம். கோதாவரிப் பக்கம் செடி வளர்க்கிற ஊரான கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய செடிகள் கூரைவலைக்குக் கீழே வரிசை வரிசையாக நின்றன. நான் தாளைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்த்தாள்.

"இங்க வா. இந்த எலயப் புடிச்சிப் பாரு. கனமா கீதா? கனமா இருந்தா தண்ணிய உள்ளேயே சேத்து வெச்சிக்கினு கீதுன்னு அர்த்தம். நீ மறந்தாலும் அது கோச்சிக்காது."

அப்படித்தான் ஸ்னேக் பிளான்ட் வந்தது. கத்தி கத்தியாக நிற்கும் தடித்த இலைகள். அடுத்து ஜீஜீ பிளான்ட். மெழுகு பூசியது போன்ற இலை, மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போலக் கிழங்கு. கொன்றாலும் சாகாது என்று கடைக்காரர் தெலுங்கில் சத்தியமே செய்தார். பெரிய செடியை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, நடுவில் புதுக்குருத்து எட்டிப் பார்க்கிற சின்னச் செடியாகப் பார்த்து எடுத்தாள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், வெள்ளைப் பூச்சி இல்லை. தொட்டியைத் தூக்கி ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டை இல்லாத தொட்டி எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம் என்றாள். இன்றும் யாராவது என்னிடம் எந்தச் செடி வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். எல்லாம் அவள் சொன்னது.

மூன்றாவது மணிபிளான்ட். அது கடையில் வாங்கியதல்ல. நகரியில் அவள் வீட்டுத் தறிக்கூடத்து ஜன்னலில் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஒரு கணுவை வெட்டி, தண்ணீர் பாட்டிலில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சமையலறை ஜன்னல் கம்பியில் அதைச் சுற்றி விட்டோம். ஒரு வருடத்தில் கம்பி தெரியாமல் மூடிவிட்டது.

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு விருந்தாளிப் பஞ்சம் கிடையாது. கீழே வீட்டுக்கார ஆன்ட்டிக்கு மாதம் இரண்டு தடவையாவது கடப்பாவிலிருந்தோ நெல்லூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். பையை வைப்பார்கள், குளிப்பார்கள், மலையேறுவார்கள், மொட்டைத் தலையோடு இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். என் தோழி இருந்தவரை எங்கள் மாடியிலும் அதே கதைதான். அவளுடைய அத்தைகள், சித்தப்பாக்கள், நாத்தி முறைக்காரிகள் என்று யாராவது வந்து எங்கள் குளியலறையில் வரிசையில் நிற்பார்கள். கொடியில் யாருடைய துண்டு என்று தெரியாத துண்டுகள் காயும்.

என் பக்கத்து மனிதர்கள் வர மாட்டார்கள். நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் திருப்பதிக்குப் பையோடு வந்து இறங்க ஒரு காரணம் இல்லை. வேண்டுமென்றால் நான்தான் போக வேண்டும், இரண்டு மணி நேரப் பஸ். மாதம் ஒருமுறை போகிறேன். என் கட்டில் இருந்த இடத்தில் இப்போது அண்ணன் பிள்ளைகளின் படிப்பு மேசை இருக்கிறது. மற்ற நாட்களில் நைனா போன் செய்வார். "துன்னியாம்மா? கோயிலுக்குப் போனியா?" இரண்டுக்கும் ஆமாம் என்பேன். அதற்குப்பின் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரி வெக்கறேன் என்பார்.

தோழி போனபிறகு அந்த மாடிப்படியில் என்னைத் தவிர யாரும் ஏறவில்லை. ஆன்ட்டி மட்டும் லட்டு கொடுக்க நாலு படி ஏறி நின்று, "மீ வாள்ளு எவரூ ராராம்மா?" என்று கேட்பார். உங்களவர்கள் யாரும் வருவதில்லையா என்று. வருவார்கள் ஆன்ட்டி என்று சொல்லி லட்டை வாங்கிக்கொள்வேன்.

ஆகவே அந்தச் செடிகள் செத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. அவை இருக்கும்வரை அவள் ஒருநாள் அவற்றை எடுக்க வருவாள். அவை போய்விட்டால் அவளுக்கும் எனக்கும் பொதுவாக எதுவும் இல்லை. இதை அப்போதே எனக்குள் தெளிவாகச் சொல்லிக்கொண்டேன்.

கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். புதன், சனி. செடிக்கு இருநூறு மில்லி, அளவுக் குவளையால். ஒருநாள் கூடத் தவறவில்லை. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டபோதும் தவறவில்லை. மணிபிளான்ட்டின் அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின, தொட்டால் கொழகொழவென்றன, மண்ணிலிருந்து பொடிப்பொடி ஈக்கள் எழுந்தன. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"இன்னாடி பண்ண அத?"

"ஒண்ணியும் பண்ணல. புதன், சனி, எரநூறு மில்லி."

"மழ பேஞ்சிக்கினு கீது. அது உன் அட்டவணைக்குத் தெரியுமா? வெரல மண்ணுல வுடு. ரெண்டாவது கணு வரைக்கும். ஈரமா கீதா?"

"ஈரம்தான்."

"அப்ப ஊத்தாத. காஞ்சா ஊத்து. செடி இன்னா ஷிப்டுலயா வேல செய்து, புதன் சனின்னு டூட்டி போட்டு வெச்சிக்கினு கீற?"

செடியைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம். மீதி முப்பத்தைந்து நிமிடம் அவள் நாத்தனார், அங்கே மிக்ஸி வைக்கிற இடம், மொட்டைமாடியிலிருந்து தெரியும் ரயில் பாதை, வீட்டுக்காரருக்குக் கத்திரிக்காய் ஆகாது, எல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். போனை வைத்தபிறகுதான் காது சுட்டது தெரிந்தது.

விரல் விடுவது எனக்குப் போதாது. சமையல் தராசு வாங்கி, நன்றாக நனைந்த தொட்டி எத்தனை கிராம், காய்ந்தது எத்தனை கிராம் என்று எடை போட்டுக் குறித்தேன். காய்ந்த எடைக்குப் பக்கத்தில் வந்தால்தான் தண்ணீர். "செடிய எட போட்டுப் பாக்கற ஒரே ஆளு இந்த ஆந்திராவுலயே நீதான்டி" என்று எழுதி அனுப்பினாள்.

தை மாதம் ஸ்னேக் பிளான்ட்டின் நுனிகள் பழுப்பாயின, மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்தது. படம் அனுப்பினேன். மறுபடி போன்.

"இன்னா தண்ணி ஊத்தற?"

"ஆர்ஓ மிஷின்லருந்து வெளிய போற தண்ணி. வீணாப் போவுதேன்னு பக்கெட்ல புடிச்சி ஊத்தறேன்."

"அடிப்பாவி! அது மொத்தமும் உப்புடி. நல்லத நீ குடிச்சிட்டு கழிசடைய அதுக்கு ஊத்தறியா?"

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கிற மீட்டர் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. அன்று இருபத்தைந்து நிமிடம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றச் சொன்னாள், இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னாள். அதோடு ஒரு தீபாவளிச் சேலை கதையும் சொன்னாள்.

அதற்குப்பின் நான் தேறிவிட்டேன். தவறு செய்ய எதுவும் மிஞ்சவில்லை. மாசியில் மணிபிளான்ட் புதிதாக நான்கு இலை விட்டது. படம் அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்தது. ஸ்னேக் பிளான்ட்டின் பக்கத்தில் ஒரு குட்டி முளைத்தது. அதற்கும் கட்டைவிரல். நானாக இரண்டுமுறை கூப்பிட்டேன். ஒருமுறை எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்து, அவளுக்கு வராத மெதுவான குரலில், "அப்பால பண்றேன்டி" என்று வைத்தாள். பண்ணவில்லை.

செடி நன்றாக இருந்தால் அவள் பேசுவதில்லை, நலிந்தால் பேசுகிறாள். எனக்குக் கிடைத்த தரவு நாலைந்து நிகழ்வுகள்தான். அதை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய முடிவுக்கு வேலையில் வந்திருந்தால் என் மேலதிகாரி அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பலகைகளில் குறை கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன், குறை உள்ளது என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பலகையை நல்ல பலகைகளோடு கலந்து உள்ளே அனுப்புவோம். இயந்திரம் அதைப் பிடித்தால், சரி, விழித்துக்கொண்டிருக்கிறது என்று வேலையை ஆரம்பிப்போம். அது ஏமாற்று இல்லை, சோதனை. தினமும் செய்கிற காரியம்.

சித்திரையில் ஒருநாள் அலுவலக வரவேற்பறையில், யாரும் கவனிக்காத மணிபிளான்ட் தொட்டியில் ஒரு இலை நன்றாக மஞ்சளித்திருந்தது. கிள்ளி டிபன் பாக்ஸின் மேல்தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் செடியின் பச்சை இலைகளுக்கு நடுவில், காம்பு தெரியாமல் செருகி, படம் எடுத்து அனுப்பினேன்.

ஏழு நிமிடத்தில் போன் வந்தது.

அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஆமாம், ஒரு இலைதான். இல்லை, ஈரம் இல்லை. பிறகு அவள் மற்ற விஷயங்களுக்குப் போனாள், நான் தரையில் உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு இலை கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை இரண்டு இலைகள்.

மூன்றாவது தடவை அவள் பேச்சில் சிரிப்பு இல்லை.

"இது வேர் அழுகல்டி. வேற ஒண்ணியும் இல்ல. நான் பாக்கணும். ஞாயித்துக்கெழம வீடியோல வா. தொட்டிய வுட்டு வெளிய எட்த்து, வேரக் கழுவி எனுக்குக் காட்டு."

அப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. நன்றாக இருக்கிற செடியை அந்த வெயிலில் வேரோடு பிடுங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல, அவள் எழுதிய தாளின் நான்காவது வரியே அதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ என்றால் அவள் முகம் ஒரு மணி நேரம் தெரியும். நான் சரி என்றேன்.

தொட்டியைக் கவிழ்த்தேன். மண்கட்டி முழுசாக வந்தது. கழுவக் கழுவ வேர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. என் வாழ்க்கையில் அத்தனை ஆரோக்கியமான ஒரு பொருளை நான் குறையுள்ளது என்று அறிக்கை கொடுத்ததில்லை.

"வெள்ளையாத்தானடி கீது?" அவள் திரைக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தாள். "கீழ எதுனா கறுப்பா கீதா?"

"கொஞ்சம்" என்றேன்.

"அத மட்டும் வெட்டிப் போட்ரு."

வெட்டினேன். கறுப்பு எதுவும் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டினேன். புது மண், மணல், தென்னை நார்த்தூள் கலந்து நட்டோம். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் கொடி துவண்டது. ஒரு வாரத்தில் இலைகள் உதிரத் தொடங்கின. இந்தமுறை மஞ்சள் உண்மையான மஞ்சள். கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. நிழலில் வைத்தேன், நீர் தெளித்தேன், பிளாஸ்டிக் உறை போட்டு மூடினேன், எடை போட்டேன். அவளுக்கு மட்டும் படம் அனுப்பவில்லை. நன்றாக இருந்தபோது பொய்யாக அனுப்பிய நான், நிஜமாகவே சாகத் தொடங்கியபோது வாயைத் திறக்கவில்லை. "எப்டி கீது?" என்று இரண்டுமுறை எழுதிக் கேட்டாள். பழைய படம் ஒன்றை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

ஆனி மாதம் அவளிடமிருந்து செய்தி: வீட்டுக்காரர், மாமியார், அவள், மூன்று பேரும் மலைக்கு வருகிறார்கள். காரில். காலையில் என் அறையில் குளித்து உடுத்திக்கொண்டு மேலே போவார்கள். மறுநாள் இறங்கும்போது செடிகளை எடுத்துக்கொள்வார்கள். வீடு செட்டில் ஆகிவிட்டது.

புதுத் துண்டுகள் வாங்கினேன். பக்கெட் இன்னொன்று வாங்கினேன். இட்லிக்கு ஊறப் போட்டேன். மணிபிளான்ட் ஒரு தண்டும் மூன்று இலைகளுமாக நின்றது. அதை எங்கே ஒளிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ஜன்னலிலேயே விட்டேன்.

அவர்கள் வந்தபோது வீட்டுக்கார ஆன்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார். "வச்சாரா! மீ வாள்ளு வச்சாரா!" என்றார், உங்களவர்கள் வந்துவிட்டார்களா என்று. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். முதலில் படியேறி வந்தது அவளுடைய மாமியார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"எங்கம்மா அது? அந்த ஒடம்பு சரியில்லாத செடி எங்க?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அடடா, ரொம்ப மெலிஞ்சி பூட்ச்சே. எங்க வூட்ல தெனிக்கும் இதும் பேச்சுதான். கண்ணு, பழைய சாதத் தண்ணி ஊத்திப் பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஊத்திப் பாரு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவள் வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நானும் அவளும் ஜன்னலோரம் நின்றோம்.

அவள் தண்டின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். மண்ணை முகர்ந்தாள். ஸ்டோர்ஸில் சரக்கு வந்ததும் பெட்டியைப் பார்த்தே எந்தக் கிடங்கில் நனைந்தது என்று சொல்கிறவள் அவள்.

"இது வேர் அழுகல் இல்லடி. வேர வெட்டினதுல வந்தது. அப்ப அந்த மஞ்ச எல?"

"அது இந்தச் செடியோடது இல்ல. கம்பெனில ரிசப்ஷன் தொட்டிலருந்து கொண்ணாந்து வெச்சேன்."

"மூணு வாட்டியுமா?"

"மூணு வாட்டியும்."

"எதுக்கு?"

"வெச்சா நீ கூப்பிட்ட."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக் கொடிடி இது. மடியில வெச்சி எட்த்தாந்தேன்."

"தெரியும்."

"இன்னா தெரியும் உனுக்கு? எருமமாடு. செடி இன்னாடி பண்ணிச்சி உன்ன?" என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நிஜமாகவே வலித்தது. பிறகு குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். அந்த மெதுவான குரலை அங்கே போய்க் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"போன எட்த்துக்கினு மொட்டமாடிக்குப் போனா, யாரு, இன்னா விஷயம்னு கேப்பாங்க. திட்டமாட்டாங்க. நல்லவங்கதான். கேப்பாங்க, அவ்ளோதான். செடிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னா மட்டும் ஒண்ணியும் கேக்கறதில்ல. போ போ, சீக்கிரம் போய்ச் சொல்லுன்னு அத்தையே கேஸ நிறுத்திட்டு அனுப்புவாங்க. நீ பாட்டுக்கு நல்லா கீற எலயா அனுப்பினா நான் இன்னான்னு சொல்லிக்கினு மாடிக்குப் போறது?"

எத்தனை கட்டைவிரல்களை எத்தனை தவறாகப் படித்திருக்கிறேன் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். ஸ்னேக் பிளான்ட்டையும் ஜீஜீயையும் காரின் பின்சீட்டில், சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து வைத்தோம். அவற்றின் எடை, காய்ந்தது இவ்வளவு, நனைந்தது இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துச் சிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள். மணிபிளான்ட்டைத் தூக்கப் போனபோது மாமியார் தடுத்தார்.

"அத அலைக்கழிக்காதீங்க. வெயில்ல காருல போனா அவ்ளோதான். இங்கயே இருக்கட்டும், தேறட்டும். தேறினப்பறம் எடுத்துக்கலாம். கண்ணு, எப்டி இருக்குன்னு அடிக்கடி சொல்லு, இன்னா?"

"சொல்றேன் ஆன்ட்டி."

கார் திரும்பி மறைந்ததும் மேலே வந்தேன். அறையில் துண்டுகள் நாலு காய்ந்துகொண்டிருந்தன. தொட்டிகள் இருந்த இடத்தில் தரையில் இரண்டு வட்டங்கள். அழுத்தித் தேய்த்தேன், ஒன்று போயிற்று, ஒன்று போகவில்லை. அன்று ஒரு லட்டை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, இட்லி மாவை என்ன செய்வது என்று தெரியாமல் பாதியைக் கீழே ஆன்ட்டிக்குக் கொடுத்தேன்.

மணிபிளான்ட் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பழைய சாதத் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தேன். கடைசி இலை விழுந்த அன்று தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. வேரும் காய்ந்த நார் போல் வந்தது. மண்ணைப் பரப்பிக் காயவைத்தேன்.

அன்று சாயந்திரம் படம் எதுவும் அனுப்பாமல் நேராகக் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் டிவி சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன.

"செத்துப் போச்சு" என்றேன். "இந்த வாட்டி பொய் இல்ல. என் தப்புதான்."

அங்கே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, தறிச் சத்தத்தை மீறுகிற அவளுடைய பழைய குரலில், "அப்டியா? இன்னும் மஞ்சளாவேதான் கீதா? இரு, மாடிக்குப் போறேன், இங்க சரியாக் கேக்கல" என்றாள்.

படியேறும் மூச்சு கேட்டது. ஒரு கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. காற்று.

"எப்ப?" என்றாள் மெதுவாக.

"காலையில பாத்தேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் மூக்கை உறிஞ்சியது போலிருந்தது. அழுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

"அத்தை கிட்ட சொல்லல நான். நீயும் சொல்லாத. இன்னும் கொஞ்ச நாளைக்கு அதுக்கு ஒடம்பு சரியில்லாமலே இருக்கட்டும், இன்னா?"

"சரி."

"துன்னியா?"

"இன்னும் இல்ல."

"இன்னா செஞ்ச?"

ரசம் என்றேன். உருளைக்கிழங்கு என்றேன். அவள் மாடிப் பக்கம் ஒரு ரயில் போயிற்று. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு அவள் நாத்தனார் கதையை ஆரம்பித்தாள், நான் தரையில் உட்கார்ந்தேன்.

இப்போது வாரத்தில் ஒருநாள் கூப்பிடுகிறாள், பெரும்பாலும் வியாழக்கிழமை. முதல் வாக்கியம் கூடத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வரும். "இன்னாடி, புது எல எதுனா வுட்டுச்சா?" என்பாள். நான் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, இல்லை, இன்னும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது என்று சொல்வேன்.